முதல் நாளில் எழுத்து வேண்டாம்: ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்தும் முறை

சங்கரன்கோவில் வட்டாரத்தில் மூன்று தெருக்களில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்தி வருகிறோம். வருபவர்கள் ஐந்து வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படிப்பவர்கள். பெற்றோரில் பெரும்பாலோர் விசைத்தறிக்கோ பீடி சுற்றவோ வயல் வேலைக்கோ போகிறவர்கள்.

புதிதாகச் சேரும் தன்னார்வலர் ஏறக்குறைய எல்லோரும் முதல் நாளில் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். கரும்பலகையில் பெரிய எழுத்துகள் 26-ஐயும் எழுதிப்போட்டுப் பிள்ளைகளைக் கூட்டமாகச் சொல்லவைக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பிள்ளைகள் 26 எழுத்தையும் அழகாக எழுதுகிறார்கள். ஆனால் ‘கம் ஹியர்’ என்றால் இருந்த இடத்திலேயே நின்று விழிக்கிறார்கள்.

காது, வாய், கண், கை என்பதுதான் சரியான வரிசை. தமிழையும் நாம் அப்படித்தான் கற்றோம். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையைக் காப்பாற்றுவதற்காகவே. ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் எங்கே சறுக்கும் என்பதையும் அங்கங்கே சொல்கிறேன்.

1. முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்

வகுப்புக்கு இடம் தேடும் முன் உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியரைச் சந்தியுங்கள். அனுமதி கேட்கும் மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. பள்ளியில் ஒருவிதமாகவும் மாலையில் வேறுவிதமாகவும் சொல்லிக்கொடுத்தால் நடுவில் மாட்டிக்கொள்வது பிள்ளைதான்.

அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத் தமிழும் ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்கிறார்கள். உங்களிடம் வரப்போகும் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, இந்தப் பருவத்தில் என்ன பாடம் நடக்கிறது என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

தெருவில் இல்லம் தேடிக் கல்வி மையம் நடந்தால் அதே நேரத்தில் தனியாக ஒரு வகுப்பைத் தொடங்காதீர்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பிள்ளைகளோடு ஏற்கெனவே பழகியவர்கள். அவர்களோடு பேசி வாரத்தில் சில நாட்களை ஆங்கிலத்துக்குக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளைத் திரட்டும் வேலை பாதியாகக் குறையும்.

2. சத்தமில்லாத இடத்தைத் தேடுங்கள்

எங்கள் முதல் வகுப்பு ஒரு தறிக்கூடத்தை ஒட்டிய திண்ணையில் நடந்தது. இடம் விசாலமானது, வாடகையும் இல்லை. ஆனால் தறி ஓடும் சத்தத்தில் ‘பின்’ என்றாலும் ‘டின்’ என்றாலும் பிள்ளைகளுக்கு ஒன்றாகவே கேட்டது. தொடக்க மாதங்களில் முழுப் பாடமும் காது வழியாகவே நடக்கிறது. எனவே இடத்தைத் தேர்வு செய்யும்போது மாலை ஐந்தரை மணிக்கே போய் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். பகலில் அமைதியாக இருக்கும் இடம் மாலையில் அப்படி இருக்காது.

நேரம் 45 நிமிடம், வாரத்தில் நான்கு நாள். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஒரு சொல்லை மறப்பதற்குள் மறுபடி கேட்டால்தான் அது பிள்ளையிடம் தங்குகிறது. ஆடித் தபசு, கோவில் கொடை நாட்களில் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். அந்த நாட்களை முன்பே விடுமுறையாக அறிவித்துவிடுங்கள்.

பாதுகாப்பில் மட்டும் சற்றும் தளர்வு கூடாது. எந்த நேரமும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். பெற்றோர் கையெழுத்தும் தொலைபேசி எண்ணும் பதிவேட்டில் இருக்க வேண்டும். இருட்டிய பின் பிள்ளையைத் தனியாக அனுப்பக் கூடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐச் சுவரில் எழுதிவையுங்கள். ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் புகார் தெரிவிக்காமல் இருப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். இதை ஒவ்வொரு தன்னார்வலரிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

3. சொல்லிக்கொடுப்பவரைத் தேர்ந்தெடுத்தல்

சரளமாக ஆங்கிலம் பேசுபவரைத் தேடி அலைய வேண்டாம். பிள்ளைகளோடு தரையில் உட்காரத் தயங்காதவர், சொன்ன நேரத்துக்கு வருபவர், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்பவர் போதும். பட்டம் படித்து ஆங்கிலம் நன்றாகப் பேசியும் பிள்ளைகள் பக்கம் குனியாதவர்கள் எங்களிடம் ஒரு மாதத்தில் நின்றுவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இரண்டு பெண்கள் நான்காம் ஆண்டாக நடத்துகிறார்கள்.

பதினைந்து பிள்ளைகளுக்கு இரண்டு பேர் என்பது எங்கள் கணக்கு. ஒருவர் நடத்தும்போது மற்றவர் பின்னால் உட்கார்ந்து எந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை என்று கவனிக்க வேண்டும். முன்னால் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. கூட்டமாகச் சொல்லும் சத்தத்தில் பேசாத பிள்ளை மறைந்துவிடும்.

வகுப்பு தொடங்கும் முன் இரண்டு வாரம் தன்னார்வலர்கள் தமக்குள் பழக வேண்டும். தினமும் சொல்லப்போகும் இருபது முப்பது வாக்கியங்களை ஒருவர் சொல்ல மற்றவர் செய்ய வேண்டும். அவற்றை ஐயமில்லாமல் சொல்லத் தெரிந்தால் முதல் பருவத்தை நடத்திவிடலாம்.

4. பிள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

சேர்க்கும் வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து ஐந்து நிமிடம் செலவிடுங்கள். தாளும் பேனாவும் வேண்டாம். பரீட்சை என்று தெரிந்தால் பிள்ளை ஊமையாகிவிடும்.

முதலில் தமிழைப் பாருங்கள். ஒரு படத்தைக் காட்டி என்ன நடக்கிறது என்று கேளுங்கள். பிறகு எளிய தமிழ் வாக்கியம் ஒன்றைப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து என்பது ஒலியின் அடையாளம் என்று தமிழில் பிடிபட்ட பிள்ளைக்கு ஆங்கில எழுத்து சீக்கிரம் வரும். தமிழே இன்னும் படிக்க வராத பிள்ளைக்கு ஆங்கில எழுத்தைத் திணிப்பது இரண்டையும் கெடுக்கும். அந்தப் பிள்ளைக்குக் காதும் வாயும் மட்டும் போதும். எழுத்தை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு ஆங்கிலம். கை அசைக்காமல், கண்ணால் காட்டாமல் பத்துக் கட்டளைகள் சொல்லுங்கள்: எழுந்திரு, உட்கார், கதவைத் தொடு, இங்கே வா. எத்தனையைச் செய்கிறது என்று குறியுங்கள். எழுத்துக்கு, பிள்ளைகளின் படிக்கும் திறனைப் பார்க்கும் பிரதம் நிறுவனத்தின் ஏசர் ஆய்வில் வீடு வீடாகச் சென்று பயன்படுத்தும் தாள் நல்ல மாதிரி. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எளிய சொல், சிறு வாக்கியம் என்று நான்கே படிகள். எந்தப் படியில் தயங்குகிறதோ அங்கே நிறுத்திவிடுங்கள்.

குழுக்களை வகுப்பைப் பார்த்தல்ல, இந்தக் குறிப்பைப் பார்த்துப் பிரியுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோடு உட்காரக் கூச்சப்பட்டால் அதற்குச் சாமான் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள்.

வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் எங்கள் பக்கம் உண்டு. அவர்களுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. அதைக் குறையாக எழுதாதீர்கள். அவர்கள் வேறு பிள்ளைகளுக்கு உதவப்போகும் இடம் ஒன்று ஏழாம் படியில் வருகிறது.

5. முதல் ஆறு வாரம் காதுக்கு

இந்த ஆறு வாரமும் எழுத்து இல்லை, ஏடு இல்லை. பெரும்பாலோர் பொறுமை இழப்பது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சொன்னதைச் செய்வதில் தொடங்குங்கள். ‘ஸ்டாண்ட் அப்’ என்று சொல்லிக்கொண்டே நீங்களும் எழுந்திருங்கள். மூன்று நாள் கழித்து நீங்கள் எழுந்திருக்காமல் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் எழுந்தால் சொல் காதில் ஏறிவிட்டது என்று பொருள். பிள்ளை பேச வேண்டியதில்லை. உடம்பால் பதில் சொன்னால் போதும். பிழை வந்துவிடுமோ என்ற பயம் இல்லாமல் புரிந்ததைக் காட்டும் வழி இது.

அடுத்து, கைக்கு அகப்படும் பொருட்கள். தட்டு, சொம்பு, சாவி, கரண்டி, தீப்பெட்டி, எலுமிச்சம்பழம். பட அட்டையைவிட உண்மைப் பொருள் நல்லது, ஏனென்றால் அதைக் கொடுக்கலாம், வாங்கலாம், ஒளித்துவைக்கலாம். ‘கிவ் மீ த ஸ்பூன்’, ‘புட் த கீ இன் த கப்’ என்று சொல்லச் சொல்லச் சொற்கள் தனித்தனியாக நிற்காமல் வாக்கியத்துக்குள் வந்து உட்காரும். ஒரு நாளைக்கு ஐந்து புதிய சொல்லுக்கு மேல் வேண்டாம். நேற்றைய ஐந்தும் இன்று திரும்ப வர வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஏற்கெனவே எத்தனை ஆங்கிலச் சொற்கள் தெரியும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். பஸ், டிக்கெட், சைக்கிள், பிஸ்கட், பல்பு, சார்ஜர், கேட், பேட், போன் என்று எழுதத் தொடங்கினால் எளிதாக நூறைத் தாண்டும். ‘உனக்கு ஆங்கிலம் ஏற்கெனவே கொஞ்சம் தெரியும்’ என்று சொல்லி அந்தப் பட்டியலைச் சுவரில் படமாக ஒட்டினால் ஒடுங்கி உட்கார்ந்திருந்த பிள்ளையும் முன்னால் வரும்.

கதையும் இப்போதே தொடங்கலாம். முதல் நாள் தமிழில் சொல்லுங்கள். மறுநாள் அதே கதையை, அதே படங்களோடு, எளிய ஆங்கிலத்தில் சொல்லுங்கள். கதை முன்பே தெரிந்திருப்பதால் பிள்ளையின் கவனம் முழுவதும் சொற்களின் மேல் இருக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உடனே தமிழ் சொல்வதுதான் இங்கே வழக்கமான பிழை. தமிழ் அடுத்து வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால் பிள்ளை ஆங்கிலத்தைக் கேட்பதையே விட்டுவிட்டுத் தமிழுக்குக் காத்திருக்கும்.

தமிழை வகுப்பிலிருந்து விரட்டவும் வேண்டாம். விளையாட்டின் விதியைச் சொல்ல, அழும் பிள்ளையைத் தேற்ற, சண்டையைத் தீர்க்கத் தமிழ்தான். தமிழில் பேசினால் அபராதம் என்று ஒரு தன்னார்வலர் ஒருமுறை விதி வைத்தார். அந்த வாரம் வகுப்பில் ஆங்கிலம் கூடவில்லை, பேச்சே நின்றுபோனது.

பேசாத பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதிய மொழிக்குள் வரும் சில பிள்ளைகள் பல வாரங்கள், சில சமயம் மாதக்கணக்கில், ஒரு சொல்லும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அது மந்தமல்ல, காது வேலை செய்துகொண்டிருக்கும் காலம். எங்களிடம் ஒரு பெண் பிள்ளை தீபாவளி வரை வாயே திறக்கவில்லை. சொன்னதையெல்லாம் சரியாகச் செய்தாள். பிறகு ஒரு நாள், பக்கத்தில் இருந்த பையன் சாவியைத் தவறான கிண்ணத்தில் போட்டபோது, ‘நோ, ரெட் கப்’ என்றாள். அதுவரை அவளை எழுப்பி நிறுத்திக் கேட்காமல் இருந்ததே எங்கள் வேலையாக இருந்தது. ஆனால் தமிழிலும் பேசாத பிள்ளை என்றால் காத்திருக்கக் கூடாது. செவித்திறனைப் பார்க்கச் சொல்லிப் பெற்றோரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

6. வாய் திறக்கும் நேரம்

ஏழாம் வாரத்திலிருந்து சிறு வாக்கியச் சட்டங்களைக் கொடுங்கள். ‘ஐ லைக்’, ‘ஐ ஹேவ்’, ‘திஸ் இஸ் மை’ என்று மூன்று நான்கு சட்டங்கள் போதும். அவற்றில் தெரிந்த சொற்களை மாற்றி மாற்றிப் பொருத்தச் சொல்லுங்கள். தனிச் சொற்களை மட்டும் அடுக்கிக்கொண்டே போனால் பிள்ளைக்கு நூறு பெயர்ச்சொல் தெரிந்தும் ஒரு வாக்கியம் வராது.

பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால் கோபம் வராது. ‘ஐ மேங்கோ லைக்’ என்று பிள்ளை சொல்வது நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால். ‘ஹேவ்’ என்பதற்கு நேரான வினை தமிழில் இல்லை. ‘எனக்குத் தம்பி இருக்கிறான்’ என்கிறோம். அதனால் அந்தச் சட்டம் பழகக் கூடுதல் நாளாகும். சொல்லுக்கு முன் வரும் ‘த’, ‘அ’ போன்ற ஒட்டுகளும் நமக்குப் புதியவை. அவை விழுந்துபோனால் இந்த வயதில் கண்டுகொள்ள வேண்டாம்.

திருத்தும் முறை இதுதான்: பிள்ளை ‘ஐ மேங்கோ லைக்’ என்றால், ‘ஓ, யூ லைக் மேங்கோ! ஐ லைக் மேங்கோ டூ’ என்று சிரித்த முகத்தோடு சரியான வடிவில் திருப்பிச் சொல்லிவிட்டு நகருங்கள். தப்பு என்று சொல்லி நிறுத்தி மறுபடி சொல்லவைத்தால், சொல்ல வந்த செய்தி செத்துப்போகும். அடுத்த முறை பிள்ளை முயலாது.

கும்மித் தாளம் இங்கே நன்றாகக் கைகொடுக்கும். தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஓரசை ஓங்கி ஒலிக்கும். ‘பனானா’ என்பதில் நடுவில் உள்ள ‘னா’வுக்குக் கை தட்டுங்கள், ‘எலிஃபன்ட்’டுக்கு முதலசையில் தட்டுங்கள். விளக்கம் சொல்லாமலே பிடித்துக்கொள்வார்கள்.

7. எழுத்து: முதலில் ஒலி, பிறகு பெயர்

மூன்றாம் மாதம் எழுத்துக்கு வரலாம். தமிழில் ‘ம’ என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. ஆங்கிலத்தில் அப்படியில்லை. ‘எம்’ என்ற எழுத்தின் ஒலி ‘ம்’. ‘எச்’ என்ற பெயரில் அதன் ஒலியே இல்லை. பெயரை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை ‘சிட்’ என்ற சொல்லை ‘எஸ், ஐ, டி’ என்று ஒப்பித்துவிட்டு நிற்கும். எனவே ஒலியை முதலில் கொடுங்கள்.

அகர வரிசையில் போக வேண்டாம். ‘எஸ்’, ‘ஏ’, ‘டிக்கெட் டி’ (டிக்கெட் என்ற சொல்லின் முதல் எழுத்து), ‘பென்சில் பி’, ‘ஐ’, ‘என்’ என்ற ஆறில் தொடங்குங்கள். ஒலிவழிக் கற்பித்தலில் பரவலாக இருக்கும் வரிசை இது. இந்த ஆறும் தெரிந்தவுடன் ‘சிட்’, ‘பின்’, ‘டின்’, ‘டேப்’ (தண்ணீர்க் குழாய்) என்று சொற்களைப் படிக்கத் தொடங்கிவிடலாம். அகர வரிசையில் முதல் ஆறைக் கொடுத்தால் இவ்வளவு சொற்கள் அமையாது. பெரிய எழுத்துகளை ஒத்திவையுங்கள். புத்தகத்தில் கண்ணில் படுவது பெரும்பாலும் சிறிய எழுத்துகள்தான்.

இந்த இடத்தில் மிகப் பெரிய பிழை, ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிப்போடுவது. ‘கேட்’ என்று எழுதினால் அது பூனையா, வாசல் கதவா? ‘பேட்’ என்று எழுதினால் கிரிக்கெட் மட்டையும், கெட்டது என்ற சொல்லும், பரீட்சை எழுத வைத்துக்கொள்ளும் அட்டையும் ஒன்றாகிவிடும். இந்தக் கட்டுரையில் எனக்கு வேறு வழியில்லை. கரும்பலகையில் உங்களுக்கு இருக்கிறது: படத்தை வரையுங்கள்.

எங்கள் பிள்ளைகள் இரண்டு ‘பி’யையும் ‘பஸ் பி’, ‘பென்சில் பி’ என்றே அழைக்கிறார்கள். இரண்டு ‘டி’யும் ‘டிக்கெட் டி’, ‘டாக்டர் டி’. குழப்பம் தீரும் வரை அப்படியே அழைக்கட்டும். ‘பஸ் பி’யும் ‘டாக்டர் டி’யும் சிறிய எழுத்தில் கண்ணாடிப் பிம்பம்போல இருப்பதால் இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுக்காதீர்கள். ஒன்று நன்றாகப் பதிந்து மூன்று வாரம் கழித்து மற்றது.

ஒலியைப் பிரித்துக் காட்டத் தமிழே உதவும். ‘பல்’ என்பதில் வரும் ‘ப’ வேறு, ‘கம்பு’ என்பதில் வரும் ‘ப’ வேறு; முன்னது ‘பென்சில் பி’, பின்னது ‘பஸ் பி’. ‘கல்’லும் ‘சங்கு’ம், ‘பட்டு’ம் ‘வண்டி’யும் அப்படியே. இந்த ஒலிகள் நம் நாக்கில் ஏற்கெனவே இருக்கின்றன; எழுத்தில்தான் பிரிவு இல்லை. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் அதிர்வின் வேறுபாடு தெரியும். தெலுங்கில் இவற்றுக்குத் தனித்தனி எழுத்தும் தெளிவான பிரிவும் உண்டு. அதனால் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்காட்டுவார்கள்.

சொல்லின் முடிவையும் கவனியுங்கள். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, மெய்யெழுத்தில் தொடங்கவும் செய்யாது. அதனால்தான் ‘புக்’ என்பது ‘புக்கு’ ஆகிறது, ‘ஸ்கூல்’ என்பது ‘இஸ்கூல்’ ஆகிறது. குற்றியலுகரம் ஒட்டிக்கொள்வதைக் கேலி செய்யாதீர்கள். ‘புக்’ என்று சொல்லி வாயைக் கையால் மூடும் விளையாட்டு ஒன்று வைத்துக்கொண்டால் சில வாரத்தில் சரியாகும்.

எல்லா ஒலியையும் திருத்தப் புறப்படாதீர்கள். பொருள் மாறும் இடங்களைத் திருத்தினால் போதும். நம் ஊர்ச் சாயலில் ஆங்கிலம் பேசுவதில் எந்தக் குறையும் இல்லை.

8. எழுத்தைக் கூட்டிப் படித்தல்

‘க்’கும் ‘அ’வும் சேர்ந்தால் ‘க’ என்று உயிர்மெய் அறிந்த பிள்ளைக்கு ஒலிகளைக் கூட்டுவது புதிதல்ல. ஆனால் ஒரு தடை இருக்கிறது. நாம் மெய்யெழுத்துகளை ‘இக், இங், இச்’ என்று முன்னால் ஓர் இகரம் சேர்த்துச் சொல்லிப் பழகியவர்கள். அதே பழக்கத்தில் ‘இப், இ, இன்’ என்று சொன்னால் ‘பின்’ வராது. உதட்டை மட்டும் அசைத்து மெதுவாக, உயிரொலி சேராமல் சொல்லிக் காட்டுங்கள். மூன்று கல்லை வரிசையாக வைத்து ஒவ்வொன்றையும் தொட்டு ஓர் ஒலி சொல்லி, கடைசியில் கையால் சேர்த்துத் தள்ளும்போது முழுச் சொல்லையும் சொல்லவையுங்கள்.

ஒலிக்கு அடங்காத சில சொற்கள் ஒவ்வொரு வரியிலும் வரும்: ‘த’, ‘வாஸ்’, ‘செட்’ (சொன்னாள் என்ற பொருளில்) போன்றவை. அவற்றை முகம்போலப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளட்டும், வாரத்துக்கு இரண்டு.

புத்தகத்துக்குச் செலவு அதிகம் ஆகாது. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உண்டு. திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்சிட்டும் கொள்ளலாம். சென்னையில் உள்ள தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படப் புத்தகங்கள் போடுகிறது. அச்சிட்ட புத்தகங்களை அலமாரியில் பூட்டாதீர்கள். ஒரு கயிறு கட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். கிழியட்டும், மறுபடி அச்சிடலாம்.

9. எழுதுவது கடைசியில், கொஞ்சமாக

பார்த்து எழுதுவதை எழுதுவது என்று எண்ணிவிடாதீர்கள். பொருள் தெரியாத ஒரு சொல்லைப் பத்து முறை எழுதும் கை, கோலத்தின் கோட்டைப் போல அதை வரைகிறது. முதலில் மணலில், சிலேட்டில், காற்றில். பிறகு நான்கு கோடு நோட்டு. ஒலியைக் கேட்டுத் தானாக ‘டின்’ என்று எழுதும் ஒரு சொல், பார்த்தெழுதிய இரண்டு பக்கத்துக்குச் சமம்.

10. வீட்டாரோடு பேசுங்கள்

ஒரு மாதம் ஆனதும் அம்மாக்களில் யாராவது கேட்பார்கள்: “ஏட்டில் ஒன்றுமே இல்லையே, என்னதான் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?” அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எழுதிய பக்கத்தைத் தவிர வேறு அடையாளம் அவர்களுக்குக் கிடைத்ததில்லை. இந்த இடத்தில் பணிந்துபோய் ஏட்டை நிரப்பத் தொடங்கிய வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதில் மாதம் ஒரு நாள் பெற்றோரை வகுப்புக்கு அழையுங்கள். நீங்கள் சொல்லச் சொல்லப் பிள்ளை செய்வதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். பீடி சுற்றுபவர்கள் முறத்தோடு வந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொல்லுங்கள், வருவார்கள்.

வீட்டில் ஆங்கிலத்தில் பேச முயலுங்கள் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். தெரியாத மொழியில் நாலு சொல் பேசுவதற்காக, தெரிந்த மொழியில் நாற்பது வாக்கியம் பேசுவதை அவர்கள் நிறுத்திவிடக் கூடாது. “இன்று என்ன கதை கேட்டாய், எனக்குச் சொல்” என்று தமிழில் கேட்டால் போதும். அந்தக் கதையைத் தமிழில் சொல்லும்போது பிள்ளைக்கு ஆங்கிலச் சொற்கள் தாமே வந்து விழும்.

பள்ளியில் வாங்கும் மதிப்பெண்ணைப் பற்றி உறுதி எதுவும் கொடுக்க வேண்டாம்.

11. எட்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறியுங்கள்

நான்காம் படியில் செய்த ஐந்து நிமிடப் பார்வையை எட்டு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் செய்யுங்கள். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடாமல், அதே பிள்ளையின் பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். பாதிப் பேருக்கு மேல் ஒரே படியில் தேங்கி நின்றால் கோளாறு நடத்தும் முறையில் இருக்கிறது. முந்தைய படிக்குத் திரும்புங்கள். மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே போங்கள். பெரும்பாலும் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தியிருப்பார்கள். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னால் வரும்.

தன்னார்வலர்கள் மாறுவார்கள். கல்யாணமாகும், திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போவார்கள். அதற்காகப் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முதன்முதலில் தானாகச் சொன்ன சொல், பிடித்த கதை, குழம்பும் எழுத்து, வீட்டு நிலைமை என்று நாலு வரி. போகிறவர் கடைசி இரண்டு வாரம் புதியவரோடு சேர்ந்தே வகுப்பு நடத்த வேண்டும். முதல் வாரம் பழைய அக்கா முன்னால், புதிய அக்கா பின்னால். இரண்டாம் வாரம் இடம் மாறிக்கொள்ளுங்கள். திடீரென்று ஆள் மாறினால், அப்போதுதான் பேசத் தொடங்கிய பிள்ளைகள் மறுபடி வாயை மூடிக்கொள்வார்கள்.